துணைக்கால்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. இன்னும் கொஞ்சம். முழங்கை இடித்தாலும் பரவாயில்லை. இது லிஃப்டுக்குள்ளே நடந்த கதை, இடம் அவ்வளவுதான். ‘எட்டு நபர்’ என்று தகட்டில் அடித்திருக்கிறது. எட்டுப் பேரும் வயிற்றை எக்கிக்கொண்டால்தான் கதவு சாத்தும், அதிலும் ஒரு ஆள் இடத்தை ஒரு முக்காலி பிடித்துக்கொள்ளும். அந்த முக்காலியில் பதினாலு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள் முப்பிடாதி. திருநெல்வேலி டவுனில் பெரிய ஜவுளிக்கடை. கீழே பட்டு, ஒன்றாம் மாடி சுடிதார், இரண்டு வேட்டி சட்டை, மூன்று பிள்ளைகள் உடுப்பு. மேலேயா கீழேயா என்று கேட்பது, பொத்தானை அமுக்குவது, கதவில் யார் சேலைத் தலைப்பும் மாட்டாமல் பார்ப்பது, இதுதான் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு தடவை போகிறாள், வருகிறாள். அறுபது வயதாகிவிட்டது. ஆற்றைத் தினமும் பஸ்ஸில் தாண்டி வருகிறாள். கடலைத் திருச்செந்தூரில் பார்த்துக் கும்பிட்டிருக்கிறாள். ஆறு போய்க் கடலில் சேருகிற இடத்தை மட்டும் பார்த்ததில்லை. நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அதைப் பார்க்கத்தான் லீவு எழுதிக் கொடுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். மூன்றாம் மாடியில் கதவு திறந்தது, முக்காலிக்கு அடியிலிருந்த வயர் கூடைக்குள்ளே போன் ஒரு முறை உறுமிற்று. லிஃப்டுக்குள்ளே டவர் கிடையாது. கீழே இல்லை, ஒன்றில் இல்லை, இரண்டில் இல்லை. மூன்றில் கதவு திறந்தால், பிள்ளைகள் உடுப்புப் பக்கத்து ஜன்னல் வழியாக எப்படியோ வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். அதனால் அவளுக்குச் சேதியென்றால் மூன்றாம் மாடிதான். வெள்ளிக்கிழமைச் சேதி, ஞாயிற்றுக்கிழமை கூட வரவேண்டிய சிநேகிதி மைதீன் பாத்து அனுப்புவது. ஜும்மாத் தொழுகை முடிந்து வீட்டு ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, கோயம்புத்தூர் உக்கடத்தில், மகள் வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுதுவாள். முப்பிடாதி கதவைச் சாத்தவிடாமல் ஒரு காலால் தடுத்துக்கொண்டு வாசித்தாள். உதட்டை அசைத்துத்தான் வாசிப்பாள், அப்படித்தான் வரும். ‘ஸலாம் முப்பிடாதி. வேலை நடக்குது, மிளகாய்த்தூள் பாக்கெட், தும்மித் தும்மி விலா வலிக்கு. புதினா தழைச்சிட்டு. புத்தகம் பாதிதான் ஆச்சு. முட்டைக் காட்டினேன், டாக்டர் சொல்லிட்டார். ஞாயிற்றுக்கிழமை வரலம்மா. துஆச் செய்.’ காலை எடுத்தாள். கதவு சாத்திக்கொண்டது. லிஃப்டு கீழே இறங்கிற்று, பதினாலு வருஷத்தில் அப்படி இறங்கினதில்லை.

வரலம்மா. வரல, அம்மா. சரி, வரவில்லை. டாக்டர் வேண்டாம் என்றிருப்பார். முட்டு இரண்டும் தேய்ந்துபோச்சு என்று ஆடி மாதத்திலேயே எழுதினாள், மகள் ரைஹானா சத்தம் போட்டதையும் எழுதியிருந்தாள்: ‘இந்த முட்டை வச்சுக்கிட்டா மணல்ல நடக்கப் போற?’ அதற்கு இவள், ‘முட்டையை வச்சுக்கிட்டு நடந்தா பார்த்து நடக்கணும், உடைஞ்சிரும்’ என்று பதில் எழுத, அதற்குப் பாத்து சிரிக்கிற பொம்மை பன்னிரண்டு அனுப்பினாள். சிரித்தவள்தானே. சிரித்தால் முட்டு வலிக்காமல் போய்விடுமா? வரலம்மா. இரண்டாம் மாடி. ஒருவரும் ஏறவில்லை. ஆனால் டாக்டர் சொல்லிட்டார் என்றால்? என்ன சொல்லிட்டார்? வேண்டாமென்று சொன்னார் என்றால் ‘டாக்டர் வேண்டாம்னுட்டார்’ என்றுதானே எழுதுவாள். சொல்லிட்டார் என்றால் போகலாம் என்று சொல்லிட்டார். சொல்லிட்டார், ஞாயிற்றுக்கிழமை வரலாம்மா. வரலாம்மா! லவுக்குக் கால் இருந்தால் வரலாம். கால் இல்லாவிட்டால் வரல. ஒரே ஒரு கால். சுவரில் சாத்திவைத்த கம்பு மாதிரி ஒரு எழுத்து, தனியாக நிற்கவும் தெரியாது, அதுக்குப் பேரே துணைக்கால், அது இருக்கிறதா இல்லையா என்பதில் இரண்டு கிழவிகளின் ஞாயிற்றுக்கிழமை தொங்குகிறது. முப்பிடாதிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

கீழே கதவு திறந்ததும் கல்யாண வீட்டுக் கூட்டம் ஒன்று மோதிக்கொண்டு ஏறிற்று, ஆறு பெண்கள், ஆளுக்கு ஒரு மல்லிகைப்பூ வாசனை. “ஏங்க்கா, பட்டு எந்த மாடி?” என்றாள் ஒருத்தி. “நீங்க இப்ப நின்னுட்டிருந்ததே பட்டுலதான்.” “அடியே, அப்ப எதுக்கு இதுல ஏறுனோம்?” “கதவு திறந்துச்சு, ஏறிட்டோம் சித்தி.” “சரி, ஏறினது ஏறியாச்சு, ஒரு சுத்து போயிட்டு வருவோம், காசா பணமா.” கல்யாணப்பெண் லிஃப்டுக் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பிடாதி அவர்களை மேலே கொண்டுபோனாள். மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. போன் பேசாமல் இருந்தது. திரும்பக் கொண்டுவந்து பட்டிலேயே இறக்கிவிட்டாள். அங்கே நயினார் சார் நின்றுகொண்டிருந்தார். தளங்களுக்கெல்லாம் ஆள் போடுகிறவர், கழுத்தில் அட்டை, கையில் பேனா, நல்ல மனுஷன்தான், ஆவணி முகூர்த்தம் வந்தால் மட்டும் நல்ல மனுஷனாக இருக்க நேரம் கிடைக்காது. “முப்பிடாதி, ஞாயித்துக்கிழமை நீ உண்டா இல்லையா? ஒன் இடத்துக்கு வேற ஆளைச் சொல்லணும்லா. அஞ்சு மணி டீக்குள்ள சொல்லிரு.” “லீவுதான் எழுதிக் குடுத்திருக்கேனே சார்.” “எழுதினது தெரியும். ‘ஆறு கடலில் சேருவதைப் பார்க்கப் போவதால்’னு காரணம் எழுதியிருக்க. முதலாளி வாசிச்சுட்டு, இவ்வளவு காலமா அது சேரலையான்னு கேக்கறாரு.” அவரே சிரித்தார். “இல்ல, நெசமாத்தான் கேக்கேன். இந்த ஒண்ணு போச்சுன்னா தீபாவளி முடியற மட்டும் லீவுன்னு வாயே திறக்கக்கூடாது. போறதுன்னா போ. போகலைன்னா இப்பவே சொல்லு.” கதவு சாத்திற்று, அவர் முகம் ஒல்லியாகி மறைந்தது.

தீபாவளி முடிகிற மட்டும். தீபாவளிக்குள்ளே பாத்துவுக்கு முட்டில் ஆபரேசன் என்று பேச்சு. சர்க்கரை வேறே இருக்கிறது. ஆபரேசன் பண்ணினால் ஓடலாம் என்கிறார்கள், பண்ணினவர்கள் யாரும் ஓடி முப்பிடாதி பார்த்ததில்லை. இப்போது விட்டால் அப்புறம் எப்போது. முப்பது வருஷம் விட்டாச்சு. பிள்ளைப்பேறு, பிள்ளைகளுக்குக் கல்யாணம், இவள் வீட்டுச் சாவு, அவள் வீட்டுச் சாவு, பாத்து கோயம்புத்தூர் போனது. எத்தனை வருஷம்! இரண்டு பேரும் மேலப்பாளையத்தில் பாத்து வீட்டு முன்னறையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிய நாளில், ஒருநாள் ஆற்றில் துணி துவைக்கப் போனபோது பாத்துதான் கேட்டாள், “ஏளா, இந்தச் சோப்பு நுரை எல்லாம் எங்க போய்ச் சேரும்மா?” பூனையைக் கூப்பிட்டாலும் ஒரு ம்மா போட்டுத்தான் கூப்பிடுவாள். இவள் சொன்னாள், “கடலுக்கு.” “அது தெரியும், எந்த எடத்துல?” தெரியவில்லை. இருபத்தேழு வயதுப் பொம்பிளைகள் இரண்டு பேர், பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் குளிக்கிறவர்கள், அது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அந்த வருஷம்தான் தெருவுக்கு அறிவொளி வகுப்பு வந்தது. சாயங்காலம் ஒரு காலேஜ் பெண் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு வரும், ஹெப்சிபா என்று பேர். முப்பிடாதி போகமாட்டேன் என்றாள். பாத்து கையைப் பிடித்து இழுத்தாள்: “கைநாட்டு வச்சு வச்சுப் பெருவிரலே தேஞ்சு போச்சுளா. வா. அந்தப் பிள்ளைகிட்டக் கேட்டா ஆறு எங்க போகுதுன்னு சொல்லும்.” அதற்காகத்தான் போனது. எழுத்துக்காகப் போகவில்லை. ஹெப்சிபா சொல்லிற்று: புன்னைக்காயல். அன்றைக்குப் பலகையில் அந்தப் பேரை எழுதிக் காட்டிற்று, எவ்வளவு நீளம், இதை எந்தக் காலத்தில் வாசிக்க என்று இருந்தது. இன்றைக்கு அது கூடைக்குள்ளே பஸ் பேர் எழுதின துண்டுச்சீட்டில் முப்பிடாதி கையெழுத்தில் கிடக்கிறது. இரண்டு பஸ் மாற வேண்டும், அப்புறம் மணலில் கொஞ்சம் நடை.

மணலில் நடை. வரலம்மா. இரண்டாம் மாடியில் ஒரு பெரியவர் ஏறினார், ஒரு கையில் வேட்டிப் பை, மறு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, இந்தக் கயிறு அறுந்துராதே?” “பதினாலு வருஷமா நான் இருக்கேன், அறலை அண்ணாச்சி.” “அப்ப அறுந்துபோற நேரம் வந்துட்டுன்னு சொல்லு.” அவர் கீழே இறங்கிப்போனார், அவர் சொல் இறங்காமல் லிஃப்டுக்குள்ளேயே நின்றது. ஏனென்றால் கால் விடுவதில் மைதீன் பாத்துவுக்குச் சமானம் அந்த வகுப்பில் ஒருத்தியும் கிடையாது. எழுத்தெல்லாம் மணிமணியாக இருக்கும், கால் மட்டும் இருக்காது. ‘மகளுக்குப் பல் வாங்க வேண்டும்’ என்று எழுதினாளே. ஹெப்சிபா திருத்தாது. அதுதான் அந்தப் பிள்ளையின் வழக்கம், யார் தப்பையும் சிவப்புக் கோடு போட்டுக் காட்டாது. “எழுதினதை நீங்களே சத்தமா வாசிங்க அக்கா” என்று மட்டும் சொல்லும். பாத்து எழுந்து நின்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தாள், ‘மகளுக்குப் பல் வாங்க வேண்டும்’, வாசித்துவிட்டுத் தானே வாயைப் பொத்தினாள். “எத்தனை பல்லுக்கா, முப்பத்திரண்டும் வேணுமா?” என்றது ஹெப்சிபா. வகுப்பே உருண்டது. பால் வாங்க வந்தவள் பல் வாங்கிப்போன கதை ஒரு மாசம் தெருவில் ஓடிற்று. விட்ட காலுக்குத் தண்டனை, பத்துக் கால் எழுத வேண்டும். பாத்து சிலேட்டில் வரிசையாகப் போட்டுவிட்டு, “பாருளா, ரேசன் கடையில நிக்க மாதிரி நிக்குது” என்றாள். எத்தனை பத்து எழுதியிருப்பாள் அந்த வருஷம்! அப்படியானால் இதுவும் அதுதான், பழைய பல்லு, கால் விட்டுப்போச்சு, வரலாம்மாதான், அவ்வளவுதான். லிஃப்டு மேலே போயிற்று, முப்பிடாதியின் மனமும் கூடவே ஒரு மாடி ஏறிற்று. ஏறினது அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு முப்பது வருஷமாக அவள் கால் விட்டதில்லையே. போஸ்ட்கார்டு எழுதினாள், இன்லாண்டு எழுதினாள், போனில் எழுதுகிறாள், ஒரு கால் விட்டதில்லை. மற்ற எதை விட்டாலும் விடுவாள், கால் வருகிற இடத்தில் நின்று நிதானித்துப் போட்டுவிட்டுத்தான் நகர்வாள், பட்ட அவமானம் அப்படி. முப்பது வருஷமாக விடாதவள் இன்றைக்கா விடுவாள்? ‘அப்ப விட்டுப்போற நேரம் வந்துட்டுன்னு சொல்லு’ என்றார் பெரியவர், அவள் நினைப்புக்குள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு. அந்த மனுஷனுக்கு மனதுக்குள்ளே ஒரு கும்பிடு போட்டாள்.

போன் பண்ணிக் கேட்டால் ஒரு நிமிஷம். ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். மருமகளும் அதைத்தான் கேட்பாள், “நேரா கேட்டா என்ன அத்தை, ரெண்டு பேரும் பரீச்சையா எழுதுறீங்க?” ஆமாம், பரீச்சை மாதிரிதான். வகுப்பு முடிந்த கடைசி நாள் ஹெப்சிபா சொல்லிற்று: “எழுதறதை விட்டா எழுத்து உங்களை விட்டுரும் அக்கா. என்ன எழுதன்னு தெரியலைன்னா நாலு விஷயம் எழுதுங்க. என்ன வேலை பார்த்தீங்க, சும்மா இருக்கும்போது கை என்ன செஞ்சுது, என்ன வாசிச்சீங்க, எங்க போகணும்னு ஆசை.” அன்றைக்கே இரண்டு பேரும் சத்தியம் பண்ணிக்கொண்டார்கள், நல்லது கெட்டது எதுவானாலும் எழுத்தில்தான், பேசிக் கெடுக்கக்கூடாது. அதிலிருந்து நாலு விஷயம். வேலை மாறிற்று, பீடி போய் லிஃப்டும் மிளகாய்த்தூளும் வந்தது. கை செய்தது மாறிற்று, இவளுக்கு வயர் கூடை, அவளுக்குப் பழைய எண்ணெய் டின்னில் புதினா. வாசித்தது மாறிக்கொண்டே இருந்தது. நாலாவது மட்டும் மாறவே இல்லை: எங்க போகணும்னு ஆசை? புன்னைக்காயல். ஒரு கார்டில் மழை பட்டு எல்லாம் அழிந்து அந்த ஒரு வார்த்தை மட்டும் வந்து சேர்ந்தது, போதும் என்று இருந்தது. ஆனால் சத்தியம் மட்டுமா காரணம்? இல்லை. முப்பிடாதிக்கு உள்ளூரத் தெரியும். கேட்டால் அவள் வந்துவிடுவாள். ‘வரலையா பாத்து?’ என்று இவள் குரலைக் கேட்டால் போதும், முட்டாவது ஆபரேசனாவது, நொண்டிக்கொண்டு ரயில் ஏறிவிடுவாள். இவள் டவுன் பக்கம் குடியிருந்த காலத்தில், புருஷன் செத்த அன்றைக்கு ஆற்றில் வெள்ளம், பாலத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், யாரும் சொல்லி அனுப்பவில்லை, எப்படித் தெரிந்ததோ, பாத்து மேலப்பாளையத்திலிருந்து நடந்தே வந்து நின்றாள். முழங்கால் மட்டும் சேறு. பக்கத்தில் உட்கார்ந்தாள், மூன்று நாள் உட்கார்ந்தாள். அந்த முட்டுத்தான் இப்போது தேய்ந்துபோயிருக்கிறது. அதைப் போய் ‘வா’ என்று எப்படிக் கேட்க? கேட்காமலும் எப்படி இருக்க? மேலேயா கீழேயா? கீழே. மேலேயா கீழேயா? ஒன்றாம் மாடி.

கை சும்மா இருக்கவில்லை, புதுக் கூடை ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தது. பச்சையும் வெள்ளையும், சிவன்கண் முடிச்சு, ஒவ்வொரு முடிச்சுக்கும் நடுவில் ஒரு கண் மாதிரித் தெரியும். உடம்பு முடிந்தாயிற்று, கைப்பிடி மட்டும் பாக்கி. புளியோதரையும் பாத்துவுக்குப் பிடித்த தேங்காய்த் துவையலும் வைத்துக் கொண்டுபோகத்தான் இந்தக் கூடை. கைப்பிடியை மட்டும் இன்றைக்கு விரல் தொடமாட்டேன் என்றது, அடிப்பக்கத்தில் ஏற்கெனவே போட்ட முடிச்சையே இறுக்கிக்கொண்டிருந்தது. முக்காலிக்கு அடியிலிருந்த பழைய கூடைக்குள்ளே நூலகப் புத்தகம் ஒன்று கிடந்தது, கொலைக் கதை. கீழேயிருந்து மூன்றாம் மாடி போவதற்குள் நாலு வரி வாசிக்கலாம், யாரும் ஏறாவிட்டால் ஐந்து. அப்படியே நாலு நாலு வரியாக எத்தனை புத்தகம்! போன மாசம் வாசித்ததில் கடைசித் தாளை யாரோ கிழித்துவிட்டார்கள். கொலைகாரன் யாரென்று தெரியாமலே திருப்பிக் கொடுத்தாள். பாத்துவுக்கு அந்தக் கதையைப் பாதிவரை எழுதிவிட்டிருந்ததால் அவள் விடவில்லை, யார் யார் என்று கேட்டாள், முப்பிடாதி தானே யோசித்து வீட்டுக் கணக்கப்பிள்ளை என்று எழுதிவிட்டாள். ‘நான் அப்பவே நினைச்சேம்மா, அவன் முழியே சரியில்லை’ என்று பதில் வந்தது. அந்த ஆளுக்கு முழி எப்படி என்று இரண்டு பேரும் வாசித்ததே இல்லை. இப்படியும் ஒரு சிநேகிதி. நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்தது. அன்றைக்கு வகுப்புக்குக் கையைப் பிடித்து அவள் இழுத்திராவிட்டால் இந்தப் போன் உறுமினது வெறும் உறுமலாகப் போயிருக்கும், யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லியிருப்பாள், அவர்கள் வாசித்துவிட்டு ‘வரலையாம்’ என்றோ ‘வரலாமாம்’ என்றோ சொல்லியிருப்பார்கள், முடிந்தது. ஒரு காலுக்காக இப்படி ஒரு மத்தியானம் பூராவும் கிடந்து துடிக்க எழுத்துத் தெரிந்திருக்க வேண்டுமே. இந்தப் பயமும் பாத்து கொடுத்ததுதான். இதையும் சேர்த்துத்தான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். அப்படி நினைத்ததும் விரல் ஒரு நிமிஷம் நின்றது. சத்தமா வாசிங்க அக்கா. ஹெப்சிபாவின் குரல், வகுப்பு நாளில் கேட்டது போலவே கேட்டது. அட. இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் நீ?

இப்போது மூன்றாம் மாடிக்கு ஆள் வேண்டும். ஆளில்லாமல் தானாக மேலே போனால் நயினார் சார் பார்த்துவிடுவார். ஒருத்தி வந்தாள், சுடிதாருக்கு. இரண்டு பேர் வந்தார்கள், வேட்டிக்கு. ஒன்றுக்கும் இரண்டுக்குமாக ஊஞ்சல் ஆடிற்று லிஃப்டு. கடைசியில் இடுப்பில் பிள்ளையோடு ஒரு தாய். “பிள்ளைக்கு உடுப்பு எங்கேம்மா?” “வாங்க, வாங்க” என்று எழுந்தே விட்டாள் முப்பிடாதி, யாருக்கும் எழுந்ததில்லை. அந்தப் பிள்ளை அவள் மூக்குத்தியைப் பிடிக்க வந்தது. மூன்றாம் மாடியில் அவர்களை இறக்கிவிட்டு, காலால் கதவைத் தடுத்துக்கொண்டு, போனை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள்: ‘வேலை நல்லா போகுது. கூடையில் கைப்பிடி மட்டும் பாக்கி. கொலைக் கதையில் இப்போதான் இரண்டாவது ஆள் செத்திருக்கான். நீ எழுதினதைச் சத்தமா வாசிங்க அக்கா.’ வருகிறாயா என்று கேட்கவில்லை. முட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கால் விட்டுப்போச்சு என்று சொல்லவில்லை. வேண்டுமென்று எழுதாமல் விட்டவள் வாசித்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாம், மறந்து விட்டவள் சிரிக்கலாம், யாருக்கும் கூச்சமில்லை. நாலாவது விஷயத்தை அவள் எழுதவே இல்லை. எங்க போகணும்னு ஆசை என்கிற இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, அனுப்பினாள்.

அதற்கப்புறம் லிஃப்டு அதன்பாட்டுக்கு ஓடிற்று. மூன்று தடவை மூன்றாம் மாடி திறந்தது, போன் பேசவில்லை. ஒரு வரியைச் சத்தமாக வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தால்கூட அரை நிமிஷம். பதில் இல்லை என்றால் அதுதான் பதில். வாசித்துப் பார்த்திருப்பாள், எழுதினது சரிதான் என்று வைத்திருப்பாள். முட்டில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளோ? ரைஹானா பக்கத்தில் நின்று, ‘யாருக்கும்மா எழுதற, வரலைன்னு எழுதியாச்சுல்ல’ என்கிறாளோ? ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கீழே கதவு திறந்தது, டீத் தட்டோடு வருகிறவருக்கு முன்னால் நயினார் சார். “என்ன முப்பிடாதி, உண்டா இல்லையா?” வாயைத் திறந்தாள். இருக்கேன் சார், லீவு வேண்டாம் என்று சொல்லத்தான் திறந்தாள். அந்தச் சொல் முழங்கால் மட்டும் சேற்றோடு வாசலில் வந்து நின்ற ஒருத்தியைத் தாண்டி வெளியே வரமாட்டேன் என்றது. ஆறு எங்கேயும் ஓடிப்போகாது. ஆற்றைப் பார்க்கவா இவ்வளவு வருஷம் எழுதினது? “லீவு லீவுதான் சார்.” “கடலுக்கா?” “கடலுக்கில்லைன்னா கோயம்புத்தூருக்கு. ஒரு முட்டைப் பார்த்துட்டு வரணும்.” “முட்டையா? அதுக்குக் கோயம்புத்தூர் போகணுமா?” “நான் பார்க்கணும்ங்கற முட்டு அங்கதான் இருக்கு சார்.” அவர் தலையைச் சொறிந்துகொண்டு எழுதிக்கொண்டார். அவருக்கும் ஒரு கும்பிடு, டீக்கு ஒரு கும்பிடு, முக்காலிக்கு ஒரு கும்பிடு. இவ்வளவு லேசாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் மூன்றரைக்கே சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டுக் கைப்பிடிக்கு வயரை அளந்து நறுக்கினாள்.

முன்னே ஏறின தாயும் பிள்ளையும் துணி எடுத்து முடித்து மேலே காத்திருக்கிறார்கள் என்று மணி அடித்தது. போனாள். கதவு திறந்தது. பிள்ளைக்குப் புதுத் தொப்பி. போன் உறுமிற்று. அனுப்பி நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. அரை நிமிஷ வாசிப்புக்கு நாற்பது நிமிஷம். அந்த நாற்பதில் உக்கடத்துப் பின்வாசலில் என்ன நடந்தது, விட்ட காலைத் தேடிக்கொண்டிருந்தாளா, இல்லாத காலைப் புதிதாக ஊன்றிக்கொண்டிருந்தாளா, மகளோடு சண்டை பிடித்தாளா, அது மைதீன் பாத்துவுக்கும் அவள் ரப்புக்கும்தான் தெரியும். முப்பிடாதி கேட்கவில்லை, இன்று வரை கேட்கவில்லை. வந்த சேதியில் ஸலாம் இல்லை, மிளகாய்த்தூள் இல்லை, புதினா இல்லை. ரேசன் கடையில் நிற்கிற மாதிரி ஒரு வரிசை.

‘ா ா ா ா ா ா ா ா ா ா’

உதட்டை அசைத்து எண்ணினாள். பத்து. கணக்குச் சரி. பிள்ளை அவள் தோளில் தட்டிற்று, அந்தத் தாய் “கீழேதானேம்மா போகுது?” என்றாள், கதவைத் தடுத்த கால் தடுத்தபடியே இருந்தது. ஏனென்றால் அந்தப் பத்துக்கும் கீழே, கொஞ்சம் தள்ளி, இன்னும் ஒன்று தனியாக நின்றது. அதன் பக்கத்தில் பாத்து எழுதியிருந்தாள்:

‘ா — இது நான் ஊன்றிக்கொண்டு வர்ற கம்பும்மா. மணல் எவ்வளவு தூரம்?’